சொந்தமாக ஒரு பத்தி

தொடக்கப் பள்ளித் தமிழ்ப் பாடநூலில் பாடம் முடிந்து பயிற்சிகள் வரும் இடத்தில் ‘சிந்தனை வினா’ என்று ஒரு பகுதி இருக்கிறது. நீ என்ன நினைக்கிறாய், உன் கருத்து என்ன என்று பிள்ளையிடம் நேராகக் கேட்கும் கேள்விகள். பாடநூல் எழுதியவர்கள் நல்ல நோக்கத்தோடுதான் வைத்திருக்கிறார்கள். கடையில் விற்கிற நோட்ஸை வாங்கிப் புரட்டினால் அந்தக் கேள்விக்கும் கீழே விடை அச்சிட்டிருக்கிறது. பிள்ளை என்ன நினைக்கும் என்பதை யாரோ ஒருவர் முன்கூட்டியே நினைத்து, நான்கு வரியில் அடுக்கி வைத்துவிட்டார். பிள்ளை அதை நெட்டுருப் போட்டுத் தேர்வில் இறக்கிவைக்கிறது. முழு மதிப்பெண் விழுகிறது.

நான்காம், ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுதச் சொல்லித்தருவது பற்றிப் பேச வேண்டுமானால் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். நம் பிள்ளைகள் எழுதாமல் இல்லை; பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். ஆனால் தான் நினைத்ததை, அதற்கான காரணத்தோடு, ஒரே ஒரு பத்தியில் எழுது என்று அவர்களிடம் யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் பதிலையும் நாமே கையில் கொடுத்துவிடுகிறோம்.

பத்து வயதுப் பிள்ளைக்கு நாம் கற்றுத்தருவது கட்டுரை. முன்னுரை, பொருளுரை, முடிவுரை, நடுவே துணைத்தலைப்புகள், ஆங்காங்கே மேற்கோள். மரம் வளர்ப்போம், நூலகத்தின் பயன், நான் விரும்பும் தலைவர் என்று தலைப்புகளும் எல்லாருக்கும் தெரிந்தவை. இந்தச் சட்டகம் தவறு என்று சொல்லவில்லை. பெரிய வகுப்பில் அது பயன்படும். ஆனால் ஒரு கருத்தையும் ஒரு காரணத்தையும் ஒட்டவைக்கத் தெரியாத வயதில் ஐந்து துணைத்தலைப்புகளைக் கொடுத்தால் பிள்ளை என்ன செய்யும்? இட்டு நிரப்பும். நம் ஊர் மேடைப் பேச்சின் வாடை அதில் அடிக்கும். பள்ளி ஆண்டு விழாப் பேச்சுப் போட்டிகளில் இதை நன்றாகப் பார்க்கலாம். மூன்றரை அடி உயரப் பிள்ளை “ஆன்றோர்களே, சான்றோர்களே” என்று கை வீசி முழங்கும். முதல் வரிசையில் அம்மா வாயசைத்துக்கொண்டிருப்பார். எழுதிக் கொடுத்தவர் அவர்தான்.

சென்னை பாலவாக்கத்தில் என் வீட்டு மாடியில் மாலை நேரத்தில் சில பிள்ளைகள் வந்து உட்காருவார்கள். பள்ளி வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டாலும் ‘மிஸ்’ என்ற பெயர் போகவில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு (ஈ.சி.ஆர்) கிழக்கே கடலோரக் குப்பத்துப் பிள்ளைகளும் வருவார்கள், மேற்கே அடுக்குமாடிக் குடியிருப்புப் பிள்ளைகளும் வருவார்கள். 2011-இல் மாநகராட்சியோடு சேர்ந்த பிறகும் பாலவாக்கம் பாதி ஊராகவும் பாதி நகரமாகவும்தான் இருக்கிறது. எழுதப் பழக்க இதைவிட நல்ல இடம் அமையாது. ஒரே தெருவில் இரண்டு விதமான வாழ்க்கை. எதைக் கேட்டாலும் இரண்டு பதில் வரும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அது இருக்க வேண்டுமா, வேண்டாமா என்று எழுதச் சொன்னேன். ஐந்தாம் வகுப்புப் படிக்கும் அடுக்குமாடிப் பெண்ணொருத்தி முதலில் நீட்டினாள். “மீன்பிடித் தடைக்காலம் மிகவும் இன்றியமையாத ஒன்றாகும். கடல் இயற்கை நமக்கு அளித்த கொடையாகும். கடல் வளத்தைக் காப்பது நம் ஒவ்வொருவரின் தலையாய கடமையாகும்.” ஒற்றுப்பிழைகூட இல்லை. அழகான கையெழுத்து. எந்தப் பள்ளியிலும் ‘மிக நன்று’ வாங்கித்தரும் எழுத்து. அவளுடையது என்று சொல்ல அதில் கையெழுத்தைத் தவிர ஒன்றுமில்லை.

குப்பத்துப் பையன், அவனும் ஐந்தாவதுதான், நோட்டை மூடி வைத்துக்கொண்டு காட்ட மறுத்தான். வற்புறுத்தியபின் கிடைத்தது இது: “தடைகாலம் இருக்கனும். லாஞ்சு போவாது. எங்கப்பாது பைபர் போட்டு அது போலாம். அப்போ சங்கராவுக்கு நல்ல வெல. லாஞ்சு கிட்டக்க வந்தா எல்லாத்தியும் அரிச்சிகினு போய்டும் எங்களுக்கு ஒன்னும் இருக்காது.” எண்ணிப் பார்த்தால் வரிக்கு இரண்டு பிழை. ஆனால் கருத்து முதல் வரியில் இருக்கிறது. காரணம் இருக்கிறது. கண்ணால் கண்ட சான்று இருக்கிறது. விசைப்படகுக்கும் ஃபைபர் படகுக்கும் விதி வேறு என்ற, பெரியவர்கள் பலருக்கே தெரியாத தகவலும் இருக்கிறது. கருத்துப் பத்திக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

அந்தப் பெண்ணிடம் கேட்டேன்: “இந்த ரெண்டு மாசம் உங்க வீட்ல என்ன நடக்கும்?” யோசித்தாள். “அம்மா வஞ்சிரம் வாங்க மாட்டாங்க மிஸ். வெல ஜாஸ்தி.” அப்படியானால் அதை எழுது என்றேன். “அப்போ தடை வேண்டாம்னு எழுதலாமா?” என்று கேட்டாள். அந்தக் கேள்வியில் நம் பள்ளிக்கூடம் மொத்தமும் இருக்கிறது. சரியான கருத்து என்று ஒன்று ஏற்கெனவே முடிவாகியிருக்கிறது, தன் வேலை அதைக் கண்டுபிடிப்பது என்று அவள் பழகியிருக்கிறாள். எழுதலாம் என்றேன். எழுதினாள். மீன் விலை ஏறுவதால் சாதாரண வீடுகளில் மீன் வாங்க முடிவதில்லை, ஆகவே தடைநாட்களைக் குறைக்கலாம் என்று ஆறு வரி.

நோட்டை மாற்றிக் கொடுத்தபோது அவர்களே சண்டைக்கு இறங்கினார்கள். “உங்கப்பாவுக்கு லாபம், அதான் நீ அப்படி எழுதுறே” என்றாள் அவள். பையன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு தன் நோட்டை வாங்கி இரண்டு வரி சேர்த்தான். அவள் சொல்வது சரி, விலை ஏறத்தான் செய்கிறது. ஆனால் அது மீன் முட்டை போடுகிற காலம், அப்போது விடாவிட்டால் அப்புறம் யாருக்குமே மீன் இருக்காது. அவனுக்கு இந்த இரண்டாவது காரணம் முன்பே தெரியும். ஆனால் எதிரே ஒரு வாசகர் உட்கார்ந்து மடக்கியபோதுதான் அதை எழுதத் தேவை வந்தது. சிவப்பு மையால் இதை வரவழைக்க முடியாது.

எதிராளி சொல்வதை முதலில் ஒத்துக்கொண்டு, பிறகு அதைத் தாண்டிப் போவது. இது தமிழுக்குப் புதிதல்ல. 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலின் பாயிரத்திலேயே நூலாசிரியன் தன் கருத்தை நிறுவும் வழிகளை ‘எழுவகை மதம்’ என்று எண்ணிக் காட்டிவிட்டார். பிறர் கருத்துக்கு உடன்படலாம்; மறுக்கலாம்; முதலில் ஏற்றுக்கொண்டு பிறகு களையலாம்; தானே ஒன்றை நாட்டிக் கடைசிவரை நிறுத்தலாம்; இருவர் மாறுபடும் இடத்தில் ஒரு பக்கம் துணியலாம்; இப்படிப் போகிறது பட்டியல். அதே பாயிரத்தில் நூலுக்குப் பத்துக் குற்றமும் சொல்கிறார். கூறியது கூறல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல் ஆகியவை அவற்றில் சில. நம் பள்ளிக் கட்டுரைகளை மனத்தில் வைத்துக்கொண்டு சொன்னாரோ என்று தோன்றும். எழுத்து, சொல் என்று இலக்கணப் பகுதிகளைத் துருவித் துருவிக் கற்பிக்கும் நாம் இந்தப் பகுதியைத் தமிழ் இலக்கியம் படிக்கிறவர்களுக்கு மட்டும் என்று ஒதுக்கிவிட்டோம். பெயர்களைச் சொல்லித்தர வேண்டாம். “அவ சொல்றதுல எது சரி? எது சரியில்ல?” என்று இரண்டு கேள்வி கேட்டால் ஐந்தாம் வகுப்பிலேயே எழுவகையில் பாதி வந்துவிடும்.

பிழை பற்றி ஆசிரியர்கள் சொல்வதைக் கேட்காமல் கடந்துபோக முடியாது. “முதலில் தப்பில்லாமல் எழுதட்டும் மேடம், கருத்தெல்லாம் அப்புறம்” என்பார்கள். அதில் நியாயம் இருக்கிறது. லகர ளகரம் தெரியாமல் பத்தாம் வகுப்புக்கு வந்து நிற்கும் பிள்ளைகளை அவர்கள்தான் பார்க்கிறார்கள். கொரோனா ஊரடங்குக்குப் பிறகு இந்தக் கவலை இன்னும் கூடியது. 2022-இல் அரசு தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து அடிப்படையைச் சரிசெய்யப் பார்த்தது, பிறகு நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் விரிந்தது. அது தேவையான வேலை. ஆனால் பிழை நீங்கிய பிறகுதான் கருத்து என்று வைத்தால் அந்த நாள் வரவே வராது. எழுதுவதற்கு ஏதாவது இருந்தால்தான் பிள்ளை எழுதும். எழுத எழுதத்தான் பிழை குறையும்.

இதில் தமிழ்க் குழந்தைக்கு ஒரு சிக்கல் உண்டு. ஆங்கிலம் பேசும் நாட்டுக் குழந்தை தான் பேசுவதை ஏறக்குறைய அப்படியே எழுதிவிடலாம். நம் குழந்தை ‘போவாது’ என்று பேசி ‘போகாது’ என்று எழுத வேண்டும். ‘வெல’ என்று பேசி ‘விலை’ என்று எழுத வேண்டும். சென்னைக் கடலோரக் குழந்தைக்கு இந்தத் தூரம் இன்னும் அதிகம். யோசிப்பது, வரிசைப்படுத்துவது, மொழியை மாற்றுவது என்று மூன்று வேலையை ஒரே நேரத்தில் ஒரு பத்து வயது மூளையிடம் கேட்கிறோம். அது எதை விடும்? யோசிப்பதைத்தான். ஏனென்றால் அதை விட்டால் மட்டும்தான் மதிப்பெண் குறையாது. ஆகவே பிரித்துவிடுவதே வழி. முதல் நாள் பேசுகிறபடியே எழுதட்டும். ‘போலாம்’ என்றும் ‘கிட்டக்க’ என்றும் இருக்கட்டும். யாரும் பேனாவை எடுக்க வேண்டாம். மறுநாள் அதே பத்தியை எழுத்துத் தமிழில் மாற்றட்டும். அந்தப் பையன் மறுநாள் எழுதியதில் ‘அரிச்சிகினு போய்டும்’ என்பது ‘அரித்துக்கொண்டு போய்விடும்’ என்று ஆகியிருந்தது. அரிப்பது என்ற வினையை அவன் விடவில்லை. விசைப்படகின் வலை கடலடியை என்ன செய்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சொல் எனக்கும் தெரியவில்லை.

அமெரிக்காவில் 2010-இல் வந்த பொதுப் பாடத்தரங்கள் மழலையர் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுதோறும் கருத்து எழுதுவதை ஒரு தனித் திறனாக வைத்திருக்கின்றன. ஆறாவதிலிருந்து அது வாதம் என்ற அடுத்த படிக்குப் போகிறது. அங்கேயும் வாத்தியார்கள் சும்மா இருப்பதில்லை. பத்தியை பர்கர்போலப் படம் போட்டு, மேல் ரொட்டியில் கருத்து, நடுவில் காரணம், கீழ் ரொட்டியில் திரும்பவும் கருத்து என்று நிரப்பவைக்கிறார்கள். நம் முன்னுரை, பொருளுரை, முடிவுரையின் சின்னத் தம்பி அது. தொடக்கத்தில் கைப்பிடியாக இருக்கலாம். ஆனால் கருத்தைச் சொன்ன இடத்திலேயே முடிக்க வேண்டும் என்ற அந்தக் கடைசி ரொட்டி எனக்குப் பிடிக்கவில்லை. கூறியது கூறலை நாமே பயிற்றுவிப்பதில் என்ன லாபம்?

எனக்கு நம்பிக்கை தரும் முன்னுதாரணம் இத்தாலியிலிருந்து வருகிறது. ஃபிளாரன்ஸுக்கு அருகே மலைமேல் பார்பியானா என்ற சிற்றூரில் லொரென்சோ மிலானி என்ற பாதிரியார் விவசாயிகள் வீட்டுப் பிள்ளைகளுக்கு, பள்ளியில் தோற்று விரட்டப்பட்டவர்களுக்கு, பாடம் நடத்தினார். அந்த மாணவர்களில் எட்டுப் பேர் சேர்ந்து 1967-இல் ஓர் ஆசிரியைக்குக் கடிதமாக ஒரு புத்தகமே எழுதினார்கள். ஏழைப் பிள்ளைகளைப் பள்ளி எப்படி வடிகட்டித் தள்ளுகிறது என்ற குற்றப்பத்திரிகை அது. எழுதிய முறையையும் அதிலேயே சொல்லியிருக்கிறார்கள். தோன்றியதையெல்லாம் தனித்தனித் துண்டுச் சீட்டில் குறித்துக்கொள்வது. பிறகு சீட்டுகளை மேசையில் பரப்பி, ஒரே விஷயம் பேசுபவற்றை ஒன்றாக அடுக்குவது. இரண்டு முறை வந்ததை எடுத்துவிடுவது. ஒவ்வோர் அடுக்கையும் பத்தியாக்குவது. அதன்பின் எல்லோரும் கூடி, வேண்டாத சொல்லை, பேச்சில் புழங்காத சொல்லை வெட்டிக்கொண்டே போவது.

பத்தி என்றால் என்ன என்று பிள்ளைக்குக் காட்ட இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. சீட்டுகளைக் கையால் நகர்த்தும்போது ‘இது இங்கே சேராது’ என்று அதுவே சொல்லிவிடுகிறது. செலவு பழைய நோட்டின் பின்பக்கத் தாள்கள்தான்.

இத்தாலிவரை போக வேண்டாம் என்றால் நம் சென்னையிலேயே பார்க்கலாம். 2003-இல் எம்.பி. விஜயகுமார் மாநகராட்சி ஆணையராக இருந்தபோது ரிஷிவேலிப் பள்ளியின் முறையைத் தழுவி மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. 2007-08-இல் மாநிலம் முழுக்கப் போனது. பாட அட்டைகளும் கற்றல் ஏணிப்படிகளும் பலருக்கு நினைவிருக்கும். எனக்கு நினைவிருப்பது சுவர். தரையிலிருந்து பிள்ளைகளின் உயரத்துக்கு வகுப்பறையைச் சுற்றிக் கரும்பலகை பூசி, பிள்ளைக்குப் பிள்ளை இடம் பிரித்திருப்பார்கள். தரையில் உட்கார்ந்தபடி எழுதலாம், பிடிக்காவிட்டால் கையால் அழித்துவிட்டுத் திரும்ப எழுதலாம். நோட்டில் அழித்தால் அசிங்கம். சுவரில் அழிப்பது இயல்பு. திருத்தி எழுதுவது என்ற பழக்கத்துக்கு அந்தக் கரும்பலகை செய்த உதவியை யாரும் பெரிதாகப் பேசவில்லை.

மேல் வகுப்புகளுக்குப் படைப்பாற்றல் கல்வி என்று வந்தது. படித்ததை மனவரைபடமாக வரைந்து, பிறகு தொகுத்து, வகுப்பில் வழங்க வேண்டும். எழுதுவதற்கு முன் யோசனையை வரைந்து பார்ப்பது அருமையான ஏற்பாடு. நாளாக நாளாக அந்த மனவரைபடமும் ஒரே மாதிரி ஆனது; நடுவில் ஒரு வட்டம், சுற்றி எட்டுக் கோடு, எல்லா நோட்டிலும் அதே எட்டுச் சொற்கள். 2012-13-இல் முப்பருவ முறையோடு வந்த தொடர் மதிப்பீட்டில் வளரறி மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண் ஒதுக்கினார்கள், பிள்ளை செய்து பார்ப்பதற்காக. அந்த நாற்பதும் வண்ணப்படம் ஒட்டிய சார்ட்டாக மாறி, ஸ்டேஷனரிக் கடைகளுக்கு நல்ல வியாபாரம் ஆனது. நம் ஊரில் நல்ல திட்டங்கள் வருவதில்லை என்று சொல்ல மாட்டேன். மதிப்பெண்ணுக்காக ஒரே அச்சில் வார்க்கப்பட்டதும் அவற்றின் உயிர் போய்விடுகிறது.

கருத்து எழுதச் சொன்னால் இன்னொரு தொல்லையும் உண்டு, அதை யாரும் வெளியே சொல்வதில்லை. பிள்ளை உண்மையிலேயே கருத்துச் சொல்லிவிடும். பள்ளிக் கழிவறையில் தண்ணீர் வரவில்லை என்று எழுதும். வீட்டுப்பாடம் அதிகம் என்று எழுதும். விளையாட்டு பீரியடைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்கிறார் என்று எழுதும். ஈ.சி.ஆரைக் கடக்கப் பயமாக இருக்கிறது, பள்ளி விடும் நேரத்துக்குப் போலீஸ்காரர் நிற்க வேண்டும் என்று ஒரு பிள்ளை எழுதினால், அதைக் காவல் ஆணையருக்கு அனுப்புவதா, மதிப்பெண் போட்டுப் பீரோவில் வைப்பதா? ‘எதிர்த்துப் பேசாதே’ என்று வளர்த்த வீடும், ‘வாயை மூடு’ என்று ஆளும் வகுப்பறையும் பாதுகாப்பான தலைப்புகளையே தேடுவதில் வியப்பில்லை. மரம் வளர்ப்பதை யாரும் எதிர்க்க மாட்டார்கள். அதனாலேயே அது கருத்து எழுதப் பழகும் தலைப்பு அல்ல.

பாலவாக்கம் பிள்ளைக்குத் தலைப்புக்கா பஞ்சம்? 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையெங்கும் பங்குனி ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கின. 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் ஆமைகள் முட்டையிடும் ஒவ்வொரு பருவத்திலும் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவில் நடந்து முட்டைகளை எடுத்துக் காப்பிடத்தில் வைக்கிறார்கள். அந்த நடை நம் மணல் வழியாகத்தான் போகிறது. கடற்கரை விளக்குகளை அந்த மாதங்களில் அணைக்கலாமா? அணைத்தால் ஆமைக்குஞ்சு கடலைப் பார்த்துப் போகும். இருட்டில் பெண்கள் நடக்கப் பயப்படுவார்கள். வண்டிக் கடைக்காரருக்கு வியாபாரம் போகும். மூன்று பக்கமும் நியாயம் உள்ள கேள்வி. இதற்கு நோட்ஸில் விடை கிடையாது. கைப்பேசியைக் கேட்டால் ஏதாவது சொல்லும், ஆனால் அந்த வண்டிக் கடைக்காரரின் முகம் அதற்குத் தெரியாது.

2025 ஆகஸ்டில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் வெளியிடப்பட்ட மாநிலக் கல்விக் கொள்கை, மனப்பாடத்திலிருந்து விலகிப் புரிதலுக்குப் போக வேண்டும் என்கிறது. நல்லது. அதை நான்காம், ஐந்தாம், ஆறாம் வகுப்புத் தமிழில் நடைமுறைப்படுத்தப் பெரிய திட்டமோ புதிய பெயரோ தேவையில்லை. நீண்ட கட்டுரையை இந்த மூன்று வகுப்புகளிலிருந்தும் எடுத்துவிடுங்கள். வாரத்துக்கு ஒரு பத்தி, எட்டு வரிக்கு மேல் வேண்டாம். இரண்டு நாள் வேலை. முதல் நாள் எழுத்தில் சிவப்பு மை படக் கூடாது. நாற்பது பிள்ளைகளின் நோட்டை ஆசிரியர் வீட்டுக்குச் சுமக்க வேண்டியதுமில்லை, பக்கத்துப் பிள்ளை படித்து ‘ஏன்?’ என்று ஒரு கேள்வி எழுதினால் பாதி வேலை முடிந்தது. பருவத் தேர்வில் அந்தந்த வட்டார ஆசிரியர்களே உள்ளூர்க் கேள்வி ஒன்றை வைக்கட்டும். கருத்துக்கு மதிப்பெண் வேண்டாம், காரணத்துக்குப் போடுங்கள். தடை வேண்டும் என்றவனும் வேண்டாம் என்றவளும் ஒரே மதிப்பெண் வாங்க முடிய வேண்டும்.

பள்ளிக் கல்வித் துறைக்கு இன்னொரு வேண்டுகோள். நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்காக ‘ஊஞ்சல்’, ஆறாம் வகுப்பு முதல் ‘தேன்சிட்டு’ என்று 2022-இல் துறையே இதழ்கள் தொடங்கியது. கதைக்கும் ஓவியத்துக்கும் இடம் தருவதுபோல, ஒரே கேள்விக்கு இரண்டு பிள்ளைகள் எழுதிய எதிரெதிரான பத்திகளை ஒவ்வோர் இதழிலும் எதிரெதிர்ப் பக்கத்தில் அச்சிடுங்கள். எது சரி என்று ஆசிரியர் குழு கீழே குறிப்பு எழுத வேண்டாம்.